வடசென்னை அலுவலகங்களுக்கு மென்பொருள் மெய்நிகராக்கம்: எதைப் பார்த்து, எப்படித் தேர்ந்தெடுப்பது

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெருப் பகுதியின் கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகங்கள், எம்.சி. ரோட்டின் ஜவுளி மொத்தக் கடைகள், மாதவரத்தின் லாரி புக்கிங் அலுவலகங்கள் போன்ற இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவும் விண்டோஸ் 11ஐ ஏற்காதவை. அவற்றில் ஓடும் மென்பொருள்களும் எளிதில் மாற்றக்கூடியவை அல்ல. ஒன்று பழைய ஜாவா பதிப்பைக் கேட்கும், இன்னொன்று எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டே போய்விட்ட பில் போடும் நிரலாக இருக்கும். இந்த நிலையில்தான், மென்பொருளைக் கணினியில் வழக்கம்போல் நிறுவாமல் தனிப் பொதிக்குள்ளோ சர்வரிலோ ஓடவிடும் மென்பொருள் மெய்நிகராக்கம் என்ற பேச்சு முதலாளியின் மேசைக்கு வருகிறது. கூடவே நான்கைந்து நிறுவனங்களின் விலைப்பட்டியலும் வருகிறது.

அந்த விலைப்பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் தொடங்கினால் தேர்வு பெரும்பாலும் தவறிவிடும் என்பது என் உறுதியான கருத்து. மென்பொருள் எந்த இடத்தில் ஓட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (யூ.எஸ்.பி.யில் செருகிக் கையொப்பமிடும் சாதனம்), டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், தமிழ் எழுத்துரு ஆகிய மூன்றும் அங்கே வேலை செய்கின்றனவா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். உரிமச் செலவு அதற்கடுத்து வருகிறது, எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது கடைசியில்தான் வருகிறது. ஐந்து முதல் ஐம்பது இருக்கைகள் வரை உள்ள, தனியாக ஐ.டி. பிரிவு இல்லாத நிறுவனங்களை மனத்தில் வைத்து இந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: இரண்டு வகைகள்

ஒரு மென்பொருளைக் கணினியில் நிறுவும்போது அது தன் கோப்புகளைப் பல இடங்களில் பரப்பி வைக்கிறது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புப் பதிவேட்டிலும் தன் குறிப்புகளை எழுதிவிடுகிறது. ஒரே கணினியில் இரண்டு ஜாவா பதிப்புகள் மோதிக்கொள்வதும், ஒன்றை நீக்கினால் மற்றொன்று திறக்க மறுப்பதும் இதனால்தான். முதல் வகை மெய்நிகராக்கம் இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது. மென்பொருளையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் பதிவேட்டுக் குறிப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டி, அந்தப் பொதிக்குள்ளேயே அதை ஓடவிடுகிறார்கள். மென்பொருள் விண்டோஸ் அடைவில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதும். உண்மையில் அந்த எழுத்து தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் போய் விழும், விண்டோஸ் தொடப்படாமல் இருக்கும். ஆனால் ஓடுவது உங்கள் மேசையில் உள்ள கணினியிலேயே; அதன் செயலியையும் நினைவகத்தையுமே அது பயன்படுத்துகிறது.

இரண்டாம் வகையில் மென்பொருள் சர்வரில் ஓடுகிறது. உங்கள் மேசைக்கு அதன் திரைத் தோற்றம் மட்டும் வருகிறது, நீங்கள் தட்டும் எழுத்தும் மவுஸ் அசைவும் திரும்பிச் செல்கின்றன. மொத்த வியாபாரத்தில் சரக்கு முழுவதும் குடோனில் இருக்க, கடை மேசையில் மாதிரித் துணியை மட்டும் விரித்துக் காட்டுவது போன்ற ஏற்பாடு இது.

இரண்டு வகையையும் விற்பனையாளர்கள் ஒரே பெயரில் அழைப்பதால் குழப்பம் வருகிறது. பழைய கணினியின் திறன் போதவில்லை என்பது உங்கள் சிக்கலானால் முதல் வகை உதவாது. பதிப்பு மோதல் மட்டுமே சிக்கலானால் இரண்டாம் வகைக்குப் பணம் செலவழிப்பது வீண். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சர்வரில்தானே எல்லாம் ஓடுகிறது என்று எண்ணி, ஆதரவு முடிந்த விண்டோஸ் 10 கணினிகளை அப்படியே இணையத்தில் விட்டுவைப்பது ஆபத்தானது. கடவுச்சொல் தட்டப்படுவது அந்தக் கணினியில்தான் என்பதால், அதில் புகுந்தவர் சர்வருக்குள்ளும் புகுந்துவிடுவார். அந்தக் கணினிகளில் லினக்ஸ் நிறுவி, ரெம்மினா போன்ற தொலைத்திரை நிரலைப் பயன்படுத்தலாம், அல்லது சர்வரின் திரையைக் காட்டுவதற்கென்றே உள்ள தின் கிளையன்ட் என்ற சிறு பெட்டிகளை வாங்கலாம். டோக்கன் செருகும் இருக்கைகளுக்கு மட்டும் விண்டோஸ் 11 கணினி வைத்துக்கொள்வது நல்லது. லினக்ஸிலிருந்து டோக்கனைச் சர்வருக்குக் கடத்துவது முடியாத காரியமில்லை, ஆனால் அலுவலகத்தில் யாராவது அதை விடாமல் பராமரிக்க வேண்டியிருக்கும்.

பட்டியல் போடுதல்

ஒரு நோட்டில் அலுவலகத்தில் ஓடும் ஒவ்வொரு மென்பொருளையும் எழுதுங்கள். எதிரே அதை யார் எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார், அதனுடன் என்ன சாதனம் இணைக்கப்பட்டிருக்கிறது, அதன் உரிமம் யார் பெயரில் எத்தனை பேருக்கு உள்ளது, தரவு எந்த அடைவில் சேமிக்கப்படுகிறது என்பவற்றை எழுதுங்கள். முதலாளி சொல்லும் பட்டியலும் மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் சொல்லும் பட்டியலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு இருக்கைக்கும் சென்று, அவர் காலையில் கணினியைத் திறப்பதிலிருந்து என்னென்ன திறக்கிறார் என்று பார்த்து எழுதுவதே சரி.

இப்படி எழுதிய உடனேயே சில வரிகளை அடித்துவிடலாம். ஐஸ்கேட் (சுங்கத் துறையின் தளம்), ஜி.எஸ்.டி., இ-வே பில் போன்றவை இணையத்தளங்கள். உலாவி இருந்தால் போதும், அவற்றுக்கு மெய்நிகராக்கம் தேவையில்லை. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும் தளம் ஏதேனும் இருந்தால், அதற்காகவும் பெரிய ஏற்பாடு வேண்டாம். அந்த உலாவி 2022 ஜூன் 15இல் ஓய்வு பெற்றது என்றாலும், எட்ஜ் உலாவியில் ஐ.இ. மோடு என்ற வசதி உள்ளது. குறைந்தது 2029 வரை அதற்கு ஆதரவு தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எஞ்சுபவை பெரும்பாலும் கணக்கு மென்பொருள், பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சுங்க ஆவணம்) மற்றும் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிச் சுங்க ஆவணம்) தயாரிக்கும் மென்பொருள், லாரி ரசீது போடும் நிரல், சரக்கிருப்பு நிரல், வேர்டு, எக்ஸெல் ஆகியவையாக இருக்கும்.

மேசையிலேயே ஓடும் வகை

இந்த வகையில் ஒரு காலத்தில் முதலிடம் பிடித்திருந்தது மைக்ரோசாஃப்டின் ஆப்-வி. சாஃப்ட்ரிசிட்டி என்ற நிறுவனத்தை 2006இல் வாங்கியதன் மூலம் அது மைக்ரோசாஃப்டுக்கு வந்தது. 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதன் கிளையன்ட், அதாவது மேசைக் கணினியில் இருக்க வேண்டிய பகுதி, விண்டோஸுடனேயே சேர்ந்து வருகிறது. ஆனால் அது எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டுமே உண்டு. சிறு அலுவலகங்களில் இருப்பது பெரும்பாலும் புரோ பதிப்பு என்பதால் ஆப்-வி நமக்கு எட்டாது. எட்டினாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் சர்வர் பகுதிக்கான ஆதரவுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 ஏப்ரலை முடிவு மாதமாக வைத்தது.

அதன் இடத்தில் மைக்ரோசாஃப்ட் முன்வைப்பது 2018இல் அறிமுகமான எம்.எஸ்.ஐ.எக்ஸ். பொதி முறை. இது புரோ பதிப்பிலும் ஓடும், தனி உரிமக் கட்டணம் கிடையாது, நிறுவுவதும் நீக்குவதும் சுத்தமாக நடக்கும். பொதி கட்டும் கருவியும் இலவசமே. ஆனால் ஒவ்வொரு பொதிக்கும் நம்பகமான சான்றிதழால் கையொப்பமிட வேண்டும். தன் நிறுவல் அடைவிலேயே தரவை எழுதும் பழக்கமுள்ள பழைய நிரல்கள் இதில் மல்லுக்கட்டும், ஏனெனில் அந்த அடைவில் எழுத எம்.எஸ்.ஐ.எக்ஸ். அனுமதிப்பதில்லை. நம் பகுதியில் உள்ளூர் நிரலாளர்கள் எழுதிக் கொடுத்த பில்லிங் நிரல்கள் பலவும் இப்படித்தான் எழுதுகின்றன. இதைச் சரிசெய்யத் துணைக் கருவிகள் உண்டு, ஆனால் அவற்றைக் கையாள ஒரு நிரலாளர் வேண்டும்.

மூன்றாவது தின்ஆப். 2008இல் வி.எம்.வேர் வாங்கியது, அந்த நிறுவனத்தை பிராட்காம் வாங்கியபின் 2024இல் பிரிக்கப்பட்டு, இப்போது ஆம்னிசா என்ற நிறுவனத்திடம் உள்ளது. மேசைக் கணினியில் எதையும் முன்கூட்டி நிறுவ வேண்டியதில்லை என்பது இதன் பெரிய பலம். பொதியே ஓர் இயங்கு கோப்பு, பென் டிரைவிலிருந்துகூட ஓடும். பழைய ஜாவா கேட்கும் நிரலையும் அதற்குரிய ஜாவாவையும் ஒரே கோப்பாகக் கட்டிவிட்டால், வெளியே எந்தப் புதிய ஜாவா இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

மூன்றுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு: சாதன இயக்கிகளைப் பொதிக்குள் கட்ட முடியாது. உங்கள் நிரல் யூ.எஸ்.பி. டாங்கிளை (உரிமத்தை உறுதிசெய்யச் செருகும் சாதனம்) கேட்டால், அந்த டாங்கிளின் டிரைவரைத் தனியே கணினியில் நிறுவித்தான் ஆக வேண்டும்.

சர்வரில் ஓடும் வகை

இங்கே அடித்தளம் விண்டோஸ் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், சுருக்கமாக ஆர்.டி.எஸ். விண்டோஸ் சர்வர் 2008இல் வந்த ரிமோட்ஆப் வசதியால், சர்வரின் முழுத் திரைக்குப் பதிலாகக் குறிப்பிட்ட மென்பொருளின் சாளரம் மட்டும் உங்கள் மேசையில், உள்ளூர் மென்பொருள் போலவே திறக்கும். கணினி அறிவு குறைந்த ஊழியர்களுக்கு இது பெரிய உதவி. இரண்டு டெஸ்க்டாப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து குழம்ப வேண்டியதில்லை. ஆனால் ரிமோட்ஆப்பை முறைப்படி அமைக்க ஆக்டிவ் டைரக்டரி டொமைன், அதாவது எல்லாப் பயனர் கணக்குகளையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு வேண்டும். அதைச் சேர்த்தே விலை கேளுங்கள்.

சிட்ரிக்ஸ் இந்தத் துறையின் மூத்த பெயர். 1989இல் தொடங்கிய நிறுவனம், 1995இலேயே வின்ஃபிரேம் என்ற பல்பயனர் விண்டோஸைக் கொண்டுவந்தது. இன்று சிட்ரிக்ஸ் வர்ச்சுவல் ஆப்ஸ் என்ற பெயரில் விற்கிறது. மெதுவான இணைப்பிலும் திரை தடுமாறாமல் வருவதிலும், பிரிண்டர், ஸ்கேனர் கையாளுதலிலும் அதன் முதிர்ச்சி கண்கூடு. துறைமுகத்தோடு தொழில் செய்யும் பன்னாட்டுக் கப்பல் நிறுவனம் போன்ற பெரிய அமைப்புகளுக்கு அது பொருந்தும். இருபது இருக்கை அலுவலகத்துக்கு அதன் செலவும் நிர்வாகப் பளுவும் அதிகம் என்றே சொல்வேன்.

பேரலல்ஸ் ஆர்.ஏ.எஸ். நடுத்தர இடத்தில் நிற்கிறது. டூ-எக்ஸ் என்ற மால்டா நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்து 2015இல் பேரலல்ஸிடம் வந்தது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கில் உரிமம் தருகிறார்கள், எல்லா வசதிகளும் ஒரே பதிப்பில் கிடைக்கின்றன, அமைப்பதும் சிட்ரிக்ஸை விட எளிது. பிரான்ஸைச் சேர்ந்த டி.எஸ்.பிளஸ் இன்னும் சிறியது, மலிவானது. ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமமும் தருகிறது, டொமைன் இல்லாமலும் இயங்கும், உலாவி வழியாகவும் மென்பொருளைத் திறக்கலாம்.

மேகக்கணியில் (கிளவுட்) மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பும், முன்பு ஆப்ஸ்ட்ரீம் எனப்பட்ட அமேசானின் வொர்க்ஸ்பேஸஸ் அப்ளிகேஷன்ஸும் உள்ளன. அஸ்யூரின் தென்னிந்தியப் பகுதி சென்னையிலும், மத்திய இந்தியப் பகுதி புனேயிலும் இருக்கின்றன; அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் பகுதிகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் சந்தா ஏற்கெனவே இருக்கும் அலுவலகத்துக்கு அஸ்யூர் வழி கவனிக்கத்தக்கது. அந்தச் சந்தாவிலேயே விண்டோஸ் 11 பல்பயனர் பதிப்பைப் பயன்படுத்தும் உரிமை அடங்கியிருப்பதால், சர்வர் ஓடும் நேரத்துக்கும் வட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் மட்டும் கட்டினால் போதும். இரவிலும் ஞாயிறன்றும் சர்வரை முறையாக நிறுத்தி வைத்தால் ஓட்டக் கட்டணம் ஏறாது; வட்டுக் கட்டணம் மட்டும் தொடரும். நிறுத்த மறந்தால் மாதக் கட்டணம் மதிப்பீட்டைத் தாண்டிவிடும் என்பதால், தானாக நிறுத்தும் அட்டவணையை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

தேர்வை உண்மையில் தீர்மானிக்கும் மூன்று

விற்பனையாளர் தன் மடிக்கணினியில் காட்டும் செயல்விளக்கத்தில் எல்லாம் பளிச்சென்று ஓடும். அதில் உங்கள் டோக்கனும் உங்கள் பிரிண்டரும் உங்கள் எழுத்துருவும் இருக்காது. இந்த மூன்றையும் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கனை எடுத்துக்கொள்வோம். அது விண்டோஸின் பார்வையில் ஒரு ஸ்மார்ட் கார்டு. தொலைத்திரை வழியாகச் சர்வருக்குள் நுழைந்தவருக்கு, அவர் மேசைக் கணினியில் செருகிய டோக்கன்தான் தெரியும். சர்வரிலேயே செருகி வைத்த டோக்கன் தெரியாது. வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக டோக்கனைச் சர்வரில் செருகி வைத்துவிட்டு, காணவில்லையே என்று தேடுவது இதனால்தான். சரியான முறை, டோக்கனின் டிரைவரைச் சர்வரிலும் மேசைக் கணினியிலும் நிறுவி, இணைப்பு அமைப்புகளில் ஸ்மார்ட் கார்டு என்ற பெட்டியில் குறியிட்டு, கையொப்பமிடுபவர் தன் கணினியில் டோக்கனைச் செருகுவது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில கையொப்பச் சிறுநிரல்கள் கணினியின் குறிப்பிட்ட ஒரு போர்ட்டில் (எண்ணிட்ட நெட்வொர்க் வாசல்) காத்திருந்து வேலை செய்பவை. ஒரே சர்வரில் இருவர் அதைத் திறந்தால், முதலாமவர் அந்த போர்ட்டைப் பிடித்துக்கொள்ள, இரண்டாமவரின் கையொப்பம் தோற்றுவிடும். எனவே சோதிக்கும்போது ஒருவரை மட்டும் உட்காரவைத்துச் சோதிக்காமல், இருவரை ஒரே நேரத்தில் ஒரு ஷிப்பிங் பில்லுக்குக் கையொப்பமிடச் சொல்லிப் பாருங்கள். அது தோற்றால் மெய்நிகராக்கம் முழுவதையும் கைவிட வேண்டியதில்லை. கையொப்பத்தை மட்டும் மேசைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சர்வருக்கு மாற்றலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 42ஆம் பிரிவு, தனது திறவுகோலின் கட்டுப்பாட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ள உரிய கவனம் எடுக்கும் பொறுப்பைக் கையொப்பத்தின் உரிமையாளர்மீது வைக்கிறது என்பதையும் நினைவில் கொண்டால், டோக்கன் அவரவர் கையில் இருப்பதே முறை.

அடுத்து பிரிண்டர். லாரி ரசீதும் டெலிவரி சலானும் கார்பன் படிகளோடு அடிக்கப்படும் வரை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் நம்மை விட்டுப் போகாது. ஆர்.டி.எஸ்.ஸில் ஈசி பிரிண்ட் என்ற பொது இயக்கி உள்ளது. அது பக்கத்தைப் படமாக்கி அனுப்பும். லேசர் பிரிண்டருக்கு அது வசதி. டாட் மேட்ரிக்ஸில் அதுவே தலைவலி. எழுத்து வடிவில் சில நொடிகளில் அடித்து முடிக்க வேண்டிய ரசீதைப் படமாக எண்ணி, ஊசித் தலை ஒவ்வொரு வரியையும் பலமுறை ஓட்டி, கூச்சலோடு அடித்துக்கொண்டிருக்கும். லோடு ஏற்றிய லாரி வெளியே நிற்க, ரசீது வராமல் எல்லோரும் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு வழி, அந்தப் பிரிண்டரின் சொந்த இயக்கியைச் சர்வரில் நிறுவி, ஈசி பிரிண்டை முதலில் பயன்படுத்தச் சொல்லும் விண்டோஸ் அமைப்பை அணைத்துவிடுவது. நிரல் வெறும் எழுத்தாக அச்சிடக்கூடியதென்றால் ஜெனரிக் டெக்ஸ்ட் இயக்கியைப் போட்டால் போதும். தொடர்தாளின் அளவையும் சர்வரின் அச்சு அமைப்பில் தனிப் படிவமாகப் பதிய வேண்டும்; இல்லையென்றால் இரண்டாவது ரசீதிலிருந்து வரிகள் கீழே நகர்ந்துகொண்டே போய், ஐந்தாவது ரசீதின் தலைப்பு தாள் கிழியும் கோட்டில் விழும். ஆகவே சோதனையில் ஒன்றை அடித்துவிட்டு நிறுத்தாமல், இருபது ரசீதைத் தொடர்ந்து அடித்துப் பாருங்கள்.

மூன்றாவது தமிழ். சர்வரில் ஓடும் மென்பொருளுக்கு எழுத்துருவும் சர்வரில்தான் இருக்க வேண்டும். யூனிகோடு எழுத்துருவானால் கவலை குறைவு. பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் வாடிக்கையாளர் பெயர்கள் சேமிக்கப்பட்டிருந்தால், அதே எழுத்துருவைச் சர்வரில் நிறுவாதவரை பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பொதி வகையில் எழுத்துருவைப் பொதிக்குள் கட்டினால், நிரலுக்குள் சரியாகத் தெரிவது வெளியே வேர்டில் ஒட்டும்போது தெரியாமல் போகலாம். தட்டச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்ற கருவிகள் விசைத் தட்டல்களை இடைமறித்துத் தமிழாக்குபவை. மேசையிலும் சர்வரிலும் ஒன்றாக இயங்கினால் எழுத்து இருமுறை மாறிக் குழம்பும். சர்வரில் நிறுவி, அந்த சாளரத்தில் வேலை செய்யும்போது மேசையில் உள்ளதை அணைத்துவைப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. க்ஷ, ஸ்ரீ, ஜௌ எல்லாம் வரும் ஒரு முகவரியைத் தட்டி, சேமித்து, மூடி, மீண்டும் திறந்து, அச்சிட்டும் பாருங்கள்.

உரிமக் கணக்கு

மெய்நிகராக்க மென்பொருளின் விலையை விட, அதன் அடியில் கிடக்கும் உரிமங்களின் விலை பெரிதாக இருப்பது வழக்கம். விண்டோஸ் சர்வரைக் கணினியின் செயலிக் கருக்களின் (கோர்) எண்ணிக்கைப்படி வாங்க வேண்டும். மெய்நிகர் அல்லாத, கண்ணால் பார்க்கும் சர்வர் ஒன்றுக்குக் குறைந்தது 16 கரு உரிமம். அதன்மேல் ஒவ்வொருவருக்கும் சாதாரண அணுகல் உரிமம் (சி.ஏ.எல்.), அதற்கும் மேல் ஆர்.டி.எஸ். அணுகல் உரிமம். சிட்ரிக்ஸ், பேரலல்ஸ், டி.எஸ்.பிளஸ் என எதை மேலே வைத்தாலும், விண்டோஸ் சர்வரின் திரையைப் பிறர் தொலைவிலிருந்து பயன்படுத்தினால் இந்த ஆர்.டி.எஸ். உரிமம் வேண்டும். எங்கள் மென்பொருளை வாங்கினால் அது தேவையில்லை என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

ஆர்.டி.எஸ். உரிமம் ஆள் கணக்கிலும் கருவிக் கணக்கிலும் கிடைக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற கணக்கு அதில் இல்லை. மணலியில் மூன்று ஷிப்டில் பன்னிரண்டு பேர் நான்கு கணினிகளில் மாறி மாறி உட்காரும் தொழிற்கூடத்துக்கு நான்கு கருவி உரிமம் போதும். மண்ணடியில் இரும்பு வியாபாரம் செய்பவர் கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, கைப்பேசி ஒன்று என மூன்றிலிருந்தும் நுழைந்தால், அவருக்கு ஓர் ஆள் உரிமமே லாபம். டொமைன் இல்லாத சர்வரில் ஆள் உரிமம் முறையாக வேலை செய்யாது. விண்டோஸ் சர்வர் 2019 முதல், அப்படிப் போட்டால் 60 நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்படும். உரிமம் போடாமலே 120 நாள் ஓடும் சலுகைக் காலம் உண்டு. அது சோதனைக்கு உகந்தது. ஆனால் அந்தக் காலத்தில் எல்லாம் ஓடியதை வைத்து உரிமம் வாங்கியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, அமைத்துக் கொடுப்பவரிடம் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

சாதாரண விண்டோஸ் புரோ கணினியில் ஒரு சிறு நிரலைப் போட்டு, பலர் ஒரே நேரத்தில் நுழையும்படி மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. அது உரிமத்தை மீறுவது. அதோடு விண்டோஸ் புதுப்பிப்பு வந்த ஏதோ ஒரு காலையில் யாருமே நுழைய முடியாமல் வேலை நின்றுபோகும். இதை ஏற்கவே வேண்டாம்.

உள்ளே ஓடும் மென்பொருளின் உரிமமும் தனி. மைக்ரோசாஃப்ட் 365 ஆப்ஸ் ஃபார் பிசினஸ் சந்தாவில் பகிர்வுக் கணினியில் ஆபீஸைச் செயல்படுத்தும் உரிமை இல்லை. பிசினஸ் பிரீமியத்திலும் எண்டர்பிரைஸ் சந்தாவிலும் உண்டு. டேலியில் சில்வர் ஒரு பயனருக்கானது, கோல்டு ஒரே லேனில் பலருக்கானது. சில்வரைச் சர்வரில் போட்டுவிட்டால் ஆறு பேர் திறக்கலாம் என்ற கணக்கு நடக்காது.

சர்வரை எங்கே வைப்பது

இந்தக் கேள்விக்கு வடசென்னையில் தனிக் கனம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12இல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆகியவற்றைப் பார்த்தவர்கள் நாம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் தரைத்தளத்தில் சர்வர் வைப்பது தண்ணீருக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பதாகும். முதல் மாடி, தரையிலிருந்து மேசை உயரம், தனி யூ.பி.எஸ். என்பவை கட்டாயம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையோரத்தில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். மூடிய அறையும் குளிர்சாதனமும் வேண்டும், நினைவகச் சில்லுகளின் முனைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

மேகக்கணியில் வைத்தால் இந்தக் கவலைகள் போய், இணைப்பைப் பற்றிய கவலை வருகிறது. சர்வருக்கும் மேசைக்கும் இடையே போய்வரும் நேரம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் வழிகாட்டல். சென்னை, மும்பை, புனே, ஹைதராபாத் எதுவானாலும் நல்ல ஃபைபரில் அது எளிதில் கிடைக்கும். ஒரே ஃபைபரை நம்பாமல், வேறு நிறுவனத்தின் இரண்டாவது இணைப்பும், அதுவும் போனால் 4ஜி அல்லது 5ஜி ரவுட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனபின் ரவுட்டருக்கு எவ்வளவு நேரம் யூ.பி.எஸ். தாங்கும் என்பதையும் கணக்கிடுங்கள், கணினிகளுக்கு மட்டும் யூ.பி.எஸ். கொடுத்து ரவுட்டரை மறந்துவிடும் அலுவலகங்கள் பல.

கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குச் சட்டமும் ஒரு நிபந்தனை வைக்கிறது. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிகள் கணக்கு விதிகளின்படி, கணினியில் பராமரிக்கும் கணக்குப் புத்தகங்களின் நகல் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேமிக்கப்பட வேண்டும். மேகக்கணி நிறுவனத்திடம் தரவு எந்த ஊரில், அதன் நகல் எந்த ஊரில் என்று எழுத்தில் பெறுங்கள்.

பாதுகாப்பு

தொலைத்திரைக்குரிய 3389 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடக் கூடாது. போர்ட் எண்ணை மாற்றிவிட்டேன் என்பது பாதுகாப்பு ஆகாது. 2019 மே மாதம் வெளிப்பட்ட புளூகீப் ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய வழி விட்டது. வி.பி.என். என்ற மறையாக்கப்பட்ட தனிவழி, அல்லது 443 போர்ட்டில் இயங்கும், ஆர்.டி.எஸ்.ஸின் நுழைவாயிலான ஆர்.டி. கேட்வே வழியாக மட்டும், இரண்டாம் அடையாளச் சரிபார்ப்போடு நுழைய வையுங்கள். ஆளுக்கொரு கணக்கு இருக்க வேண்டும். அலுவலகம் முழுவதும் ஒரே பயனர்பெயரில் நுழைந்தால், ஒரு பில் அழிந்தபோது யார் அழித்தது என்று எவராலும் சொல்ல முடியாது. சைபர் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது செர்ட்-இன் (CERT-In) என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவு. சர்வரில் அந்தப் பதிவுகள் இயக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். காப்புப் பிரதிகளில் ஒன்றாவது சர்வரோடு இணைக்கப்படாமல் தனியே இருக்க வேண்டும்.

சோதனை ஓட்டமும் மாற்றமும்

எல்லாரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாதத்தின் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்ற ஜி.எஸ்.டி. கணக்குப் படிவத்தின் நெருக்கடி, மார்ச் மாதம் முழுவதும் கணக்கு முடிக்கும் வேலை. இவற்றைத் தவிர்த்துச் சோதனையைத் தொடங்குங்கள், ஆனால் சோதனைக் காலத்துக்குள் ஒரு 20ஆம் தேதியாவது வந்துபோக வேண்டும், ஏனெனில் நெருக்கடி நாளில்தான் சர்வரின் உண்மையான திறன் தெரியும். மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்: அதிகம் அச்சடிப்பவர் ஒருவர், கையொப்பமிடுபவர் ஒருவர், கணினி என்றாலே தயங்குபவர் ஒருவர். மூன்றாமவரின் தடுமாற்றங்களே உங்களுக்கு மிகப் பயன்படும் குறிப்புகள். நினைவகத்துக்கு ஆளுக்கு 3 அல்லது 4 ஜி.பி. எனத் தொடங்கி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பகல் 12 மணிக்கும் மாலை 5 மணிக்கும் எவ்வளவு தின்கிறது என்று குறியுங்கள். கணக்கு மென்பொருளை விட உலாவிதான் அதிகம் தின்னும் என்பதால், உலாவியைச் சர்வரில் ஓட்டாமல் மேசையிலேயே விடுவது செலவைக் குறைக்கும்.

சோதனையில் ஒரு நாள், வேண்டுமென்றே இணையக் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். தட்டிக்கொண்டிருந்த வவுச்சர் மீண்டும் இணைந்ததும் அதே இடத்தில் இருக்கிறதா, அல்லது புதிதாகத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். இன்னொரு நாள் காப்புப் பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் தரச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவை முடிந்தபின் விலை பேசுங்கள். ஐந்து இருக்கை வரை உள்ள, பதிப்பு மோதல் மட்டுமே சிக்கலான அலுவலகம் ஒரு பொதி முறையோடு நிற்கலாம். ஆறு முதல் இருபத்தைந்து இருக்கைக்கு, அலுவலகத்திலேயே சர்வர் வைத்து ஆர்.டி.எஸ். ரிமோட்ஆப், அல்லது அதன்மேல் டி.எஸ்.பிளஸ் போதும் என்பது என் மதிப்பீடு. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் ஏற்கெனவே இருந்தால் அஸ்யூர் வழியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். பாரிமுனையில் ஒன்று, எண்ணூர்த் துறைமுகத்தருகில் ஒன்று, தூத்துக்குடியில் ஒன்று எனக் கிளைகள் உள்ளவர்கள் பேரலல்ஸைக் கேட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தவறாமல் எழுதச் சொல்லுங்கள்: டாலரில் விலை ஏறினால் எந்த மாதம் முதல் புதிய விலை, சர்வர் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவார், நீங்கள் விலகினால் தரவை எந்தக் கோப்பு வடிவில், எத்தனை நாளுக்குள், என்ன கட்டணத்தில் திருப்பித் தருவார்கள். மாற்றம் முடிந்த பிறகும் பழைய கணினிகளில் ஒன்றை, இணையத்திலிருந்து துண்டித்து, எல்லா மென்பொருளும் தரவும் இருந்தபடியே, அந்த ஆண்டின் ஆடிட் கையெழுத்தாகும் வரை அலமாரியில் வைத்திருங்கள்.